ரெம்சியின் பச்சை எண்ணெய்

அக்புனார்
14 மே 2017

நெஜிப்,

தொலைபேசியை நான் பாதியில் வைத்துவிட்டேன் என்று உன் அம்மா சைதே என் வீட்டு வேலியருகே நின்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். நீ கத்தினாய், நான் வைத்தேன். கத்துகிறவனிடம் ரெம்சி பேசமாட்டான் என்பது இந்த ஊர்க் கோழிகளுக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதும்போது மனிதன் கொஞ்சமாவது யோசிப்பான்.

நீ கத்தியதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சென்ற ஆகஸ்ட் திருவிழா மல்லில் நீ சாய்ந்து விழுந்தது என் பச்சை எண்ணெயால். இந்த ஆகஸ்ட் முதல் ஞாயிறு உன் தம்பி துனாய் களத்தில் இறங்கும்போது அவன் உடம்பில் அதைப் பூசக்கூடாது. பூசினால் அவன் செத்துப்போவான். இதுதானே?

முப்பத்தொரு வருடமாக மல்லர்களுக்கு எண்ணெய் பூசுகிறேன். மற்றவர்கள் சூரியகாந்தி எண்ணெயை அப்படியே ஊற்றுவார்கள். நான் என் தோட்டத்துப் புதினாவைச் செப்புக் கொப்பரையில் வடித்து அதில் கலப்பேன். கேனுக்கு ஒரு கரண்டி. கொளுத்தும் வெயிலில் மல்லனின் தோள் மலையோடையில் நனைந்ததுபோல் சிலிர்க்கும். ஏழு ஊரிலிருந்து காலிப் பாட்டிலோடு வந்து நிற்கிறார்கள். மல்லர் சங்கம் இதுவரை என்னைப் பாராட்டி ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. எனக்குப் பள்ளி நான்கு வருடம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தை மூடியபோது குப்பையில் எறிந்த உடலியல் புத்தகத்தை எடுத்துவந்து இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து படித்தவன் நான். தோல் குளிர்ந்தால் இரத்தம் குளிரும். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

நீ ஏன் விழுந்தாய் என்று அன்றே ஒலிபெருக்கியில் சொன்னேன். முதல் நாள் கல்யாண வீட்டில் நீ பிராந்தி குடித்தாய். அதைக் கேட்டு உனக்கு நிச்சயித்த பெண்ணின் அப்பா கையை உதறிக்கொண்டார் என்றால், அது அவருக்கும் உனக்கும் உள்ள விஷயம்.

இன்னொன்று. மேளம் அடித்தபிறகு எண்ணெய்க்காரன் புல்லில் கால் வைத்தால் அவனுடைய மல்லன் தோற்றவன். இந்த முப்பத்தொரு வருடத்தில் நான் ஒருமுறைகூட வைத்ததில்லை. என் வேலை எனக்குத் தெரியும்.

ரெம்சி


புளோவ்டிவ்
29 மே 2017

ரெம்சி அவர்களுக்கு,

கத்தாமல் எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் என் கையில் இருந்தது மோர். நீங்கள் பக்கத்து மேசையில் இருந்தீர்கள். அதை விடுங்கள், முதலில் துனாய்.

அன்று எனக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். தொலைக்காட்சிக்காரர்களுக்காக மல்லை மாலை ஐந்திலிருந்து நண்பகலுக்கு மாற்றினார்கள். முப்பத்தெட்டு டிகிரி. நீங்கள் மூன்று முறை பூசினீர்கள். எனக்குக் குளிர்ந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது, தண்ணீரே கேட்கவில்லை. துனாய் சொம்போடு ஓடிவந்து, "அண்ணே, ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போண்ணே" என்றான். "போடா, எனக்குக் குளிருது" என்றேன். இரண்டாம் சுற்றில் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. வெற்றி வருகிறது, அதனால் புல்லரிக்கிறது என்று நினைத்தேன். அதன்பிறகு நடுங்கினேன். அதன்பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

மருத்துவமனையில் உள்உடம்பின் சூடு நாற்பத்தொன்றரை. சிறுநீரகங்கள் பாதிதான் திரும்பி வந்தன. இனி மல் கிடையாது.

இப்போது நான் வேலை செய்வது ஓர் ஆய்வுக்கூடத்து எலி அறையில். வெப்பநிலை ஆராய்ச்சி. வேண்டும் என்றுதான் இங்கே சேர்ந்தேன். டாக்டர் வெலிச்கோவா என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் படம் போட்டார். தோலுக்கு அடியில் நரம்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கின்றன. அயனிக் கால்வாய் என்பது புத்தகப் பெயர். குளிர் பட்டால் அந்த வாசல் திறக்கும். வெளியே உள்ள மின்னூட்டத் துகள்கள் உள்ளே பாயும். நரம்பு அதிரும். அந்த அதிர்வுதான் 'குளிர்' என்று மூளைக்குப் போகும் செய்தி. செய்தி வந்தால் மூளை சும்மா இராது. தோலுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும், வியர்வையைத் தள்ளிப்போடும், மயிரை நிமிர்த்தும், தசையை நடுங்கவைக்கும். உள்சூடு வெளியே போகாமல் எல்லாக் கதவையும் சாத்தும். பனியில் நாம் சாகாமல் இருப்பது இதனால்தான்.

புதினாவில் உள்ள மெந்தால் அதே வாசலைத் திறக்கும். குளிரே இல்லாமல். உங்கள் எண்ணெய் என் தோலைக் குளிர்விக்கவில்லை, குளிர்ந்துவிட்டதாக என் மூளையிடம் பொய் சொன்னது. முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், மல் பிடிக்கும் உடம்பில், மூளை கதவுகளைச் சாத்தியது.

ஒரு கேள்வி. ஆம்புலன்ஸ்காரர் சொன்னார், அவர் வந்தபோது என்னை ஒரு கம்பளியால் சுற்றி வைத்திருந்தார்களாம். அதுதான் என்னைப் பாதி கொன்றது என்றார். யார் போர்த்தியது?

நெஜிப்


அக்புனார்
8 ஜூன் 2017

நெஜிப்,

ஆசானை உஸ்தா என்று எழுதக் கை வரவில்லையா? பதின்மூன்று வயதில் உன் காதை நான் திருகியபோது "உஸ்தா, உஸ்தா" என்று அலறிய வாய்தானே அது? 'அவர்களுக்கு' என்று மின்வாரியத்துக்காரன் எனக்கு எழுதுவான்.

டாக்டரம்மா போட்ட படத்தை வைத்து என்னைப் பயமுறுத்தாதே. கண்ணுக்குத் தெரியாத வாசல், கண்ணுக்குத் தெரியாத துகள். மசூதிக்காரரும் எனக்குத் தெரியாத பலதைச் சொல்கிறார், அவர் குறைந்தபட்சம் தேநீர் கொடுக்கிறார்.

காப்பிக் கடையில் உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. ஆனால் உன் எலி வேலை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தபால்காரன் ஷாபான், "ரெம்சி உஸ்தா, நம்ம நெஜிப் எலிகிட்ட மல் கத்துக்கிறானாமே, யாரு ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. அவனுடைய சைக்கிள் மணியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் படம் உண்மை என்றால் ஒன்று சொல். முப்பது வருடம் நான் பூசிய நூற்றுக்கணக்கான தோள்களில் அந்த வாசல் இல்லையா? அவர்கள் ஏன் விழவில்லை? சொல்ல முடியாது. ஏனென்றால் பதில் உன் படத்தில் இல்லை, உன் உடம்பில் இருக்கிறது. நீ முப்பது வயதுக்காரன், சரியாகப் பயிற்சி செய்யாமல் வந்தாய். தோற்றவனுக்கு ஒரு காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்த மல்லர்கள் காற்றைக் குறை சொல்வார்கள், நடுவரைக் குறை சொல்வார்கள். எண்ணெயைக் குறை சொன்னவன் நீ ஒருவன்தான்.

துனாய் தினமும் என் களத்துக்கு வருகிறான். பத்தொன்பது வயதில் அவன் இடுப்பு உன்னுடையதைவிடப் பலமானது. அவனுக்குப் பச்சை எண்ணெய்தான்.

ரெம்சி


புளோவ்டிவ்
21 ஜூன் 2017

ரெம்சி அவர்களுக்கு,

கம்பளியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை.

முப்பது வருடம் ஏன் யாரும் விழவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான், நானும் டாக்டரிடம் கேட்டேன். மாலை ஐந்து மணிக்கு மல், மலைக்காற்று, ஒரே பூச்சு, கேனுக்கு ஒரு கரண்டி. அந்தப் பொய் சிறியது, உடம்பு அதைத் தாங்கிவிட்டது. அப்படியும் யாரும் வாந்தி எடுக்கவில்லையா? யாரும் மறுநாள் எழ முடியாமல் கிடக்கவில்லையா? 'வெயில் ஏறிவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பெயர்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இங்கே சில எலிகளுக்குப் பிறவியிலேயே அந்த வாசல் கிடையாது. ஒரு பாதி குளிர்ந்தும் மறுபாதி வெதுவெதுப்பாகவும் உள்ள தகட்டில் விட்டால், மற்ற எலிகள் வெதுவெதுப்பான பக்கம் ஓடும். இவை குளிர்ந்த பக்கத்திலும் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கும். குளிர் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. சாதாரண எலிக்கு அந்த வாசலை மருந்தால் அடைத்தால், அறையில் எதுவும் மாறாமலே அதன் உடல்சூடு கொஞ்சம் இறங்குகிறது. அந்த வாசல்தான் நாள் முழுவதும் உள்அடுப்பைப் பார்த்துக்கொள்கிறது என்பது அதிலிருந்து தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சாதாரண எலியின் முதுகில் மெந்தால் தடவினார்கள். சூட்டை நான்தான் குறித்தேன். ஏறியது, குளிர்ச்சித் தைலம் தடவிய எலிக்குச் சூடு ஏறியது. வாசல் இல்லாத எலிக்கு அதையே தடவினோம், ஏறவில்லை. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

எலிக்கும் ஆட்டுக்கும் நமக்கும், பால் கொடுக்கும் எல்லாவற்றுக்கும் இந்த வாசல் இருக்கிறது. துனாய்க்கும்.

நெஜிப்


அக்புனார்
6 ஜூலை 2017

நெஜிப்,

எலிக்கு மீசை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதனால் நாங்கள் உறவா?

துனாய்க்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறாய். அவன் அதை என் முன்னால் கிழித்தான். "அண்ணன் தோத்த இடத்துல நான் ஜெயிச்சிருவேன்னு அவனுக்கு வயிறு எரியுது உஸ்தா" என்றான். நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன், அண்ணனைப் பற்றி அப்படிப் பேசியதற்கு. அதையும் உனக்காகச் செய்யவில்லை.

இனி அவனுக்கு எழுதாதே. எழுத எழுத அவன் வீம்பு ஏறுகிறது. இந்த வருடமும் நண்பகல்தான் மல் என்று அறிவித்துவிட்டார்கள். நான் போய் மாலைக்கு மாற்றச் சொன்னேன். சங்கத்துச் செயலாளர் பையன், "தாத்தா, நீங்க எண்ணெயைப் பாருங்க, நேரத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றான். தாத்தாவாம்.

ரெம்சி


புளோவ்டிவ்
17 ஜூலை 2017

ரெம்சி உஸ்தா,

மாலைக்கு மாற்றச் சொன்னீர்கள். ஏன் சொன்னீர்கள்?

உங்களிடம் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் சொன்ன பிராந்திப் பொய்யைத் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. என் பெயர் போனது போகட்டும். இருபது நாள் இருக்கிறது. அவனுக்கு மட்டும் பூசாதீர்கள்.

நான் வரலாம் என்று பார்த்தேன். நான் வேலியருகே நின்றால் என்னைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு கை பூசிக்கொள்வான். அவனை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கம்பளி யாருடையது?

நெஜிப்


அக்புனார்
27 ஜூலை 2017

நெஜிப்,

உன் டாக்டரம்மா சொல்வதை ஒருவன் சரிபார்க்க வேண்டும் அல்லவா? யாரும் செய்யமாட்டார்கள், நான் செய்தேன்.

இந்த வருடப் பரிசுக் கடாக்கள் இரண்டும் என் பட்டியில்தான் நிற்கின்றன. ஒரே தாய், ஒரே எடை. இரண்டுக்கும் முதுகு மயிரைத் தோல் தெரிய மழித்தேன். ஒன்றுக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெய். இன்னொன்றுக்கு என் எண்ணெய், சென்ற வருடம் உனக்குக் கலந்த அதே அளவு, கேனுக்கு மூன்று கரண்டி. ஆட்டு வைத்தியரின் வெப்பமானியை இரவல் வாங்கினேன். அதை எங்கே செருக வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஷாபான் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உஸ்தா, கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறீங்களா?" என்றான். அவனுக்கு மணி இந்த ஜென்மத்தில் திரும்பக் கிடைக்காது.

நண்பகல். வெறும் எண்ணெய்க் கடா வாதுமை நிழலில் படுத்து வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. பச்சை எண்ணெய்க் கடாவும் அங்கேதான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து எழுந்தது. நடந்து போய் வெயிலில் நின்றது.

நான் அதை நிழலுக்கு இழுத்து வந்தேன். திரும்பவும் போய் வெயிலில் நின்றது. முப்பத்தாறு டிகிரி வெயில், நெஜிப். கண்ணை மூடிக்கொண்டு அடுப்பருகே நிற்பதுபோல் நின்றது. மூன்றாம் முறை கொம்பைப் பிடித்து இழுத்தேன், என்னை முட்டியது. ஒரு மணி நேரத்தில் நிழல் கடாவுக்கு முப்பத்தொன்பதரை. இதற்கு நாற்பத்தொன்று. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிழைத்துக்கொண்டது.

கடா முட்டாள் பிராணி. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த வருடம் புதினாவில் பூச்சி விழுந்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் வெறும் சூரியகாந்தி எண்ணெய்தான். உன் எலிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரெம்சி


புளோவ்டிவ்
1 ஆகஸ்ட் 2017

உஸ்தா,

மூன்று கரண்டி. எப்போதும் ஒன்று என்றுதானே எழுதினீர்கள்? இப்போது சண்டைக்கு நேரமில்லை.

பூச்சிக்கு நன்றி. அது நீடூழி வாழட்டும்.

ஆனால் இதைக் கேளுங்கள். சென்ற வருடத்துப் பச்சை எண்ணெய் ஒரு முழுப் பாட்டில் எங்கள் வீட்டு நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் இருந்தது. அம்மாவைத் தேடச் சொன்னேன். ஜாடிகள் இருக்கின்றன, பாட்டில் இல்லை. துனாயைக் கேட்டால் சிரிக்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது டிகிரி என்கிறார்கள். அவன் தோளைப் பார்க்காதீர்கள், தோள் பளபளக்கும். கையைப் பாருங்கள். வெயிலில் மயிர் எழுந்து நின்றால், தோல் வெளுத்தால், தண்ணீர் வேண்டாம் என்றால், அடுத்த சுற்று வரை காத்திருக்காதீர்கள். நடுங்க ஆரம்பித்தால் போர்த்தாதீர்கள். தண்ணீர். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும்.

நெஜிப்


அக்புனார்
8 ஆகஸ்ட் 2017

நெஜிப்,

துனாய் உயிரோடு இருக்கிறான் என்று உன் அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். மற்றதை அவள் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டாள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றே துனாயின் பையைச் சோதித்தேன். ஒன்றுமில்லை. சட்டையை மோந்தேன். "உஸ்தா, என்ன நாயா நீங்க?" என்று சிரித்தான்.

ஞாயிறு நண்பகல் எல்லாருக்கும் வெறும் எண்ணெய் பூசினேன். முணுமுணுத்தார்கள். "ரெம்சி உஸ்தாவுக்கு வயசாயிருச்சு, கை கருமியாயிருச்சு" என்றார்கள். துனாய் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூசி முடித்ததும் சிறுநீர் கழிக்க வண்டிகளுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்து புல்லில் இறங்கினான். மேளமும் சுர்னாக் குழலும் தொடங்கின.

அவனோடு மல் பிடித்தவன் இரண்டு மடங்கு எடை, கொதிக்கும் பானைபோல் வியர்த்துக்கொண்டிருந்தான். துனாய் சிரித்துக்கொண்டே சுற்றினான். காற்று என் பக்கம் திரும்பியது. என் புதினா எனக்குத் தெரியாதா? உலகத்தில் உள்ள எல்லாப் புதினாவையும் ஒரு பானையில் போட்டாலும் என்னுடையதை நான் மோந்து எடுப்பேன்.

நான் தோளைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். முதல் சுற்றில் எண்ணெய்தான் தெரிந்தது. சுற்று முடிந்ததும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். இரண்டாம் சுற்றில் என் பக்கமாக முழங்கால் போட்டபோது முன்கையில் மயிர் முள்ளாக நின்றது. உதடு வெளுத்திருந்தது. எதிராளியின் ஒரு தோள் புல்லில் பட்டுவிட்டது, இன்னொன்றுக்கு நான்கு விரல் இடைவெளி. அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அதை மறைக்காமல் சொல்கிறேன். இன்னும் நான்கு விரல்.

புல்லில் கால் வைத்தேன்.

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். முதலில் யாருக்கும் புரியவில்லை. கடா கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டது என்று நினைத்தார்களாம். நான் துனாயின் தோல் காற்சட்டை இடுப்பைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க உஸ்தா! பைத்தியமா உங்களுக்கு? ஜெயிச்சிட்டேன், விடுங்க!" என்று கத்தினான். என் நெஞ்சில் குத்தினான். பல் அடித்துக்கொண்டிருந்தது அவனுக்கு. செயலாளர் பையன் ஓடிவந்து, "தாத்தா வெளிய போங்க, மல் போச்சு, துனாய் தோத்தான்!" என்றான். தெரியும் என்றேன். மாடுகளுக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் அவனைத் தள்ளினேன். நானும் விழுந்தேன். எதிராளி நல்லவன், பெயர்கூடக் கேட்கவில்லை நான், அவன் வந்து துனாயின் கால்களைப் பிடித்துக்கொண்டான். மாட்டுக்குப் போடும் சோப்பால் தோலைத் தேய்த்தோம். ஆம்புலன்ஸ் வந்தபோது, அதற்குள் குளிர்ந்த பிறகும், நாற்பது இருந்தது. இன்னும் ஒரு சுற்று பிடித்திருந்தால் போன வருடம் நீ கிடந்த கட்டில்தான் என்றார் ஓட்டி வந்தவர். உன்னை அழைத்துப் போனவரும் அவரேதான்.

ஜனங்கள் என்னை ஏசினார்கள். ஒருவன் தர்ப்பூசணித் தோலை எறிந்தான், காதில் பட்டது. நான் ஈரத்தோடு மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. மூன்று விஷயம் சொன்னேன். பையன் உடம்பில் இருப்பது என் எண்ணெய், போன வருடம் நெஜிப்பைச் சாய்த்ததும் அதுதான். நண்பகல் மல் என்றதும் மல்லர்களுக்குக் குளிர்ச்சி போதாது என்று நானே கரண்டியை மூன்றாக்கினேன், யாரும் சொல்லவில்லை. நெஜிப் முதல் நாள் குடித்தது மோர், நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். பெண் வீட்டார் முன் வரிசையில் இருந்தார்கள். பெண்ணின் அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை, அதனால் உனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

செப்புக் கொப்பரையை ஷாபானிடம் கொடுத்துவிட்டேன், கொடிமுந்திரிச் சாராயம் வடிக்கட்டும். மணியையும் கொடுத்துவிட்டேன்.

துனாய் நேற்று மருத்துவமனையிலிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான்கு விரலை மன்னிக்கமாட்டான். வேண்டாம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

இனி கம்பளி. மூன்று கடிதத்தில் கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. நான்காம் கடிதத்தில் கேட்காமல், போர்த்தாதீர்கள் என்று எழுதினாய். அப்படியென்றால் உனக்குத் தெரிந்துவிட்டது.

எண்ணெய்க் கேன்களை வெயில் படாமல் மூடி வைத்திருந்த கம்பளி அது. நீ விழுந்ததும் உன்னைப் புல்லுக்கு வெளியே இழுத்தார்கள், நான் ஓடிவந்தேன். உன் கை சில்லென்று இருந்தது. பல் அடித்துக்கொண்டது. "குளிருது உஸ்தா" என்றாய். உன்னை ஏமாற்றிய அதே பொய் என்னையும் ஏமாற்றியது, அதை இப்போது உன் படத்தை வைத்துச் சொல்ல முடிகிறது. ஆனால் அது முழுக் கதை இல்லை. போர்த்தியபிறகு நீ அதைத் தள்ளினாய். உள்ளே ஏதோ ஒன்றுக்கு உண்மை தெரிந்திருந்தது. தள்ளினாய், நான் திரும்பப் போர்த்தினேன். மறுபடி தள்ளினாய். நான் இரண்டு ஓரத்தையும் முழங்காலால் அழுத்தி ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டேன். இருபது நிமிடம். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

எழுதவேண்டிய கட்டாயம் உனக்கில்லை. எழுதினால் திட்டி எழுது. அதற்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

ரெம்சி